காலராவை விரட்டிய சாக்கடை

ஊருக்குள் நோய் வந்தால் யாரைத் தேடி ஓடுவோம்? டாக்டரைத்தான். 'சிவில் படிக்கிறவனுக்கு இதில் என்னப்பா வேலை?' என்று என்னைக் கேட்பீர்கள். வேலை இருக்கிறது நண்பர்களே! சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய லண்டன் நகரத்துக் கதை இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1842-ல் எட்வின் சாட்விக் என்ற அதிகாரி, பிரிட்டனின் உழைக்கும் மக்களுடைய சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்றொரு பகுதி. அங்கே இறந்தவர்களின் சராசரி வயது வசதியானவர் குடும்பங்களில் 45. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 16! பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததால்தான் சராசரி இப்படி விழுந்தது. ஊர் ஒன்றுதான், ஆயுள் மட்டும் வேறு வேறு.

அடுத்து 1854. லண்டனில் காலரா. தென்பகுதியில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுத் தண்ணீர் விற்றன. ஒன்று, 1852-லேயே ஆற்றின் மேல்பகுதிக்குப் போய் நல்ல தண்ணீர் எடுத்தது. மற்றது, ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்தது. டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 10,000 வீடுகளுக்கு முதல் கம்பெனித் தண்ணீரில் 37 சாவு; இரண்டாவதில் 315. பக்கத்துப் பக்கத்து வீடுதான், குழாய்தான் வேறு. குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? அதைச் சட்டம்தான் பார்க்க வேண்டும். கம்பெனிகள் மேல்பகுதிக்குப் போக வேண்டும், வடிகட்டித் தர வேண்டும் என்று 1852-ல் சட்டமும் வந்திருந்தது.

1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பார்லிமென்ட் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்தது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது நகராத ஃபைல், உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்ததும் மளமளவென்று நகர்ந்தது! பாசல்கெட் என்ற இன்ஜினியர் ஏறத்தாழ 132 கிலோமீட்டருக்குப் பெரிய பாதாளச் சாக்கடைகள் கட்டினார். மைலுக்கு 2 அடி வாட்டம். தாழ்ந்த இடத்தில் நீரேற்று நிலையம். சர்வே பிராக்டிகலில் நாம் அலுத்துக்கொண்டே எடுக்கும் லெவல்தான், அங்கே உயிர் காத்தது.

ஆனால் 1866-ல் மீண்டும் காலரா. 5,500 பேருக்கு மேல் இறந்தார்கள். சாக்கடை வேலை முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு லண்டன் ஏழைகள். காரணம் இரண்டு. அங்கே வேலை முடியவில்லை. ஆபி மில்ஸ் நீரேற்று நிலையம் 1868-ல்தான் திறந்தது. அதோடு, அந்தப் பகுதிக் கம்பெனி, சட்டத்தை மீறி, மூடாத குளத்துத் தண்ணீரை வடிகட்டாமல் விட்டிருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தது, கேட்க ஆள் இல்லை. லண்டனின் கடைசிக் காலரா அதுதான். சாக்கடை கடைசியாகப் போய்ச் சேர்ந்த தெருக்களில்தான் அது வந்தது.

நான் இதிலிருந்து புரிந்துகொண்டது இதுதான். 'சுத்தமாக இரு' என்று ஏழைக்குப் புத்தி சொல்வது சுலபம். சுத்தமாக இருக்க வழி செய்து கொடுப்பதுதான் அரசின் வேலை. அந்த வழியும் ஊரின் பாதியோடு நின்றுவிட்டால், மிச்சப் பாதியில் நோய் உட்கார்ந்துகொள்ளும்.

நாளை நம்மில் பலர் எஸ்டிமேட்டும் லெவல் புத்தகமும் கையில் பிடிக்கப் போகிறோம். வேலையை எந்தத் தெருவில் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வரும்போது, வாய் திறந்து சொல்வோம் தோழர்களே: 'சார், அந்தக் கடைசித் தெருவிலிருந்து!'