சிறுநீர்ப்புறவழி: சொல்லும் பொருளும்

நம்ம பிள்ளைகளோட அறிவியல் புத்தகத்தில் ‘சிறுநீர்ப்புறவழி’ என்ற சொல் வரும். புறம் என்றால் வெளி. சிறுநீர்ப்பையில் சேர்ந்த நீர் உடம்புக்கு வெளியே போகும் வழி என்பது இதன் பொருள்.

ஆண்களுக்கு இது சுமார் 20 செ.மீ. நீளம். பெண்களுக்கு சுமார் 4 செ.மீ. தான். அதனால் கிருமி சீக்கிரம் பைக்குள்ள போயிடும். நீர்க்கடுப்பு நமக்கு அதிகம் வர இது முக்கியக் காரணம்.

நல்லம்பள்ளி பக்கம் காட்டு வேலைக்குப் போகும்போது, மறைவிடம் இல்லைன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, அடக்கியும் வைக்காதீங்க. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்க. எரிச்சல் வந்தால் ‘சூடு’ன்னு விட்டுடாம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. காய்ச்சல், விலா வலி இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றே போகணும். கூச்சம் வேண்டாம், பெயர் தெரிஞ்சாச்சு, தைரியமா சொல்லுங்க.