மூன்றாவது மெஷின்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னது இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்குது அத்தை. இந்த பேட்ச்சுல நாலு பேரு அருமையாத் தைக்கறாங்க. அவங்களை இன்னும் ரெண்டு மாசம் இங்கேயே வெச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றாய். உடனே பதில் சொல்லியிருந்தால் கோபமாக வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வைத்துக்கொள்ளாதே. நம்மிடம் தையல் பயிற்சி முடிந்தவர்களை வேலைக்கு அனுப்பிவிடு.

நான் இதே தப்பைச் செய்திருக்கிறேன். அப்போதும் மே மாதம்தான், யூனிஃபார்ம் ஆர்டர்தான். பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று ஆறு பேரை நிறுத்திக்கொண்டேன். பயிற்சிக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையையே கொடுத்தேன். அதில் ஒரு பெண் காங்கயம் பக்கம் தேங்காய்க் களத்தில் பல வருஷம் பருப்பு காயவைத்தவள். உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும். துணி நுனியைப் பிடிக்கவே அந்த விரல்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் பிடித்த பிறகு ஓவர்லாக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. திருப்பூர் கம்பெனி ஒன்றில் அவளுக்கு டெய்லர் இடம் பேசி வைத்திருந்தேன். ஆர்டர் முடிந்து அனுப்பும்போது லைன் நிரம்பிவிட்டது. "கைமடிக்கு வேணும்னா வரட்டும்" என்றார்கள். டெய்லருக்கு உதவியாளாக, கைமடியாக, மூன்று வாரம் போனாள். அந்தக் கூலிக்கு அவ்வளவு தூரம் போய் வருவானேன் என்று களத்துக்கே திரும்பிவிட்டாள். பிறகு ஒரு நாள் ரோட்டோரம் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாக்கா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை.

நம் தொழிலில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான் கண்ணு. மற்ற எந்தக் கம்பெனியும் நன்றாக வேலை செய்கிறவரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் மட்டும் நாலு மாதத்துக்கு ஒருமுறை நம்மிடம் இருப்பதிலேயே நல்ல கையை வெளியே அனுப்பியாக வேண்டும். அதைத் தாங்குகிற மாதிரிதான் கணக்கே போட வேண்டும்.

ஆர்டர் எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எடுக்காமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். 2014இல் வந்த தீன்தயாள் உபாத்யாய பயிற்சித் திட்டத்தையே எடுத்துக்கொள். முடித்தவர்களில் 70 சதவீதம் பேரை வேலையில் சேர்க்க வேண்டும் என்கிறது. பணம் தவணையாக வரும், கடைசித் தவணைகளுக்குச் சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். அதுவரை வாடகையும் கரண்ட் பில்லும் மாஸ்டர் சம்பளமும் நம் தலையில்தான். ஆர்டர் வருமானம் இல்லாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான். ஆனால் ஆர்டரைத் தைக்க ஐந்து நிரந்தர டெய்லர்களை முழுச் சம்பளத்துக்கு வை. அவர்கள் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து ஒரு சட்டைக்கு என்ன விலை வருகிறதோ அதைச் சொல். அந்த விலைக்கு வராத ஆர்டர் நமக்கு வேண்டாம். பயிற்சிப் பெண்கள் கடைசி இரண்டு வாரம் மட்டும், லைன் வேகம் பழகுவதற்காக, அந்த டெய்லர்கள் பக்கத்தில் உட்காரட்டும். எந்தத் தேதியில் எழுந்து போக வேண்டும் என்பதை முதல் நாளே போர்டில் எழுதிவிடு. நாம் கம்பெனிச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் பதிவான கம்பெனி, லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இன்னொருத்தியின் இரண்டு மாத உழைப்பைச் சும்மா எடுத்துக்கொள்வதை எந்தச் சட்டப்பிரிவும் தானாக வந்து தடுக்காது. நீதான் தடுக்க வேண்டும்.

பயிற்சி விஷயமும் ஒன்று உண்டு. புது மாஸ்டர் முதல் நாளே துணியைக் கொடுத்துவிடுகிறார் என்றாயே, அதை நிறுத்து. நூல் இல்லாமல், கோடு போட்ட காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். வீட்டில் மிதிமெஷின் தைத்துப் பழகியவள் பவர் மெஷினில் கால் வைத்ததும் அது பறந்துவிடும். நிமிடத்துக்கு நாலாயிரம் தையல் போகிற எந்திரம். அவள் பயந்து காலை எடுப்பாள், மறுபடி அழுத்துவாள், மறுபடி பறக்கும். காகிதத்தில் ஊசி போட்ட ஓட்டை கோட்டை விட்டு எங்கே விலகியது என்று அவளே வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மூன்றாம் நாள், நான்காம் நாள் ஓட்டைகள் கோட்டின் மேலேயே வரிசையாக விழும். அப்போது அவள் முகத்தைப் பக்கத்தில் நின்று பார். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட "சரி" வாங்காதவர்கள்தான் நம்மிடம் அதிகம் வருகிறார்கள். அந்தக் காகிதங்களைச் சிலர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கேட்காதே, இருக்கட்டும்.

அடுத்தது, வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் முதல் மாதம். சனிக்கிழமை கூலி கொடுக்கிற கம்பெனி என்றால் சமாளித்துவிடுவார்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மாதச் சம்பளம், அதுவும் பேங்கில். ஐந்தாம் தேதி சேர்ந்தவள் அடுத்த மாதம்தான் காசைக் கண்ணால் பார்ப்பாள். அதுவரை பஸ்ஸுக்கு, பிள்ளைக்குப் பாலுக்கு, டிபன் டப்பாவுக்கு என்ன செய்வாள்? களத்து வேலையில் அன்றன்றைக்குக் கை நிறையாவிட்டாலும் கையில் காசு இருந்தது. நம்மிடம் படித்துப் போய் வேலையை விட்டு நின்றவர்களில் நிறையப் பேர் அந்த முப்பது நாளில்தான் நின்றார்கள். வாரவட்டிக்கு வாங்கி, அதைக் கட்ட முடியாமல் ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. சேருகிற ஒவ்வொருவருக்கும் 3,000 ரூபாய், வட்டி இல்லாமல், மூன்று சம்பளத்தில் திருப்பித் தருவதாகக் கொடு. நன்கொடை தருகிறவர்கள் மெஷின் வாங்கத்தான் விரும்புவார்கள், மெஷினில் பெயர் எழுதலாம் அல்லவா? பரவாயில்லை, இதற்கும் தனியாகக் கேள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது, பல வருஷம் கேட்காமலே விட்டுவிட்டேன். நீ அப்படி இருக்காதே.

கம்பெனியை நேரில் பார்க்காமல் யாரையும் அனுப்பாதே. ஹெச்.ஆர். அறையில் டீ குடித்துவிட்டு வராமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லைனுக்குள் போ. கழிப்பறைக்கு டோக்கன் வைத்திருக்கிறார்களா என்று பார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிடிக்கிறார்கள் என்றால் மட்டும் போதாது, அட்டை கைக்கு வந்ததா என்று கேள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, எத்தனை பெண்களை அடைத்து வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்படி ஒரு மில்லுக்கு நானும் விவரம் தெரியாமல் நாலு பேரை அனுப்பினேன். இரண்டு மாதமாகப் பெற்றவர்களால் போனில் பேச முடியவில்லை. நானே போய் கேட்டில் உட்கார்ந்து கூட்டிவந்தேன். பாக்கிச் சம்பளம் வரவே இல்லை. அந்த நாலு குடும்பத்தாரும் அதன் பிறகும் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள்.

முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது என்று சொல்லிப் பயிற்சிக்கு வரும் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தீன்தயாள் திட்டத்தில் பெண்களுக்கு 45 வயது வரை உண்டு. ஆபீஸில் இருக்கிறவர்களிடம் உத்தரவை எடுத்துப் படிக்கச் சொல்.

யூனிஃபார்ம் ஆர்டருக்கு வருகிறேன். பள்ளிக்காரர்களிடம் பாதி உருப்படியை ஜூன் முதல் வாரத்திலும் மீதியை மூன்றாவது வாரத்திலும் தருகிறேன் என்று கேட்டுப் பார். ஒத்துக்கொள்ளாவிட்டால், பழைய பேட்ச்சில் குழந்தை பிறந்து வீட்டிலிருக்கிற டெய்லர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நோட்டின் பின்பக்கத்தில் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். பீஸ் ரேட் நல்லபடியாகப் பேசு, வருவார்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடு. அந்த நஷ்டத்தை நானும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மெஷினில் உட்காருகிறாளே, காலர் அவ்வளவு சுத்தமாகத் தைக்கிற பெண், அவளை விடத்தான் உனக்கு மனசே வராது. திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் வரும். நீயே போய் அவளை ஏற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணு.

உன் அத்தை