புகையும் நெருப்பும்: மூளைப் படங்கள் கற்பிக்கும் பாடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை தம் மகனுடன் ஆசிரமத்திற்கு வந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவனான அந்த இளைஞன் கல்லூரிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தான். இரவில் உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, சிறுவயது முதல் விரும்பி வாசித்த மிருதங்கத்தையும் தொடுவதில்லை. தந்தை ஒரு பெரிய உறையிலிருந்து மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்து மேசைமீது பரப்பினார்.

“எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சுவாமிஜி. நோய் இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது. அப்படியானால் இவன் நடிக்கிறான் என்றுதானே பொருள்?” என்றார்.

மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான்.

அந்தத் தந்தை கல்நெஞ்சர் அல்லர். கடன் வாங்கி அந்தப் பரிசோதனையைச் செய்வித்தவர். அவருடைய அன்பில் குறையில்லை. அவர் செய்த அனுமானத்தில்தான் பிழை இருந்தது. படித்தவர்கள் பலரும் இன்று அதே பிழையைச் செய்கிறோம். ஆகவே மூளைப் படங்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

படம் காட்டுவது என்ன?

காந்தப்புலத்தைக் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமாக்கும் முறைக்கு 1973-இல் பால் லாட்டர்பர் வழிவகுத்தார். அதனை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் 2003-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டுவது. மூளையின் இயக்கத்தைக் காட்டும் முறை, ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா 1990-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது. மூளையில் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டம் பெருகுகிறது. ரத்தத்தில் பிராணவாயுவின் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி அளக்கிறது. செய்தித்தாள்களில் நாம் காணும் சிவப்பு, மஞ்சள் வண்ணங்கள் கணிப்பொறி பின்னர் தீட்டியவை.

எனவே அந்தப் படத்தில் எண்ணமோ துயரமோ நேரடியாகப் பதிவாவதில்லை. எண்ணம் எழுந்து சில விநாடிகள் கழித்து உச்சத்தை எட்டும் ரத்த ஓட்ட மாற்றமே பதிவாகிறது. படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளிக்குள்ளும் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியுள்ளன.

நியாய தரிசனத்தைப் பயில்வோர் முதலில் கற்கும் உதாரணம் ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. நெருப்பை நாம் காணவில்லை. புகையைக் கண்டு ஊகிக்கிறோம். மூளைப் படமும் இத்தகைய அனுமானமே. அதனைப் பிரத்தியட்சம் என்று மயங்குவதில்தான் முதற்பிழை தொடங்குகிறது.

புகை என்று நினைத்தது பனிமூட்டமாகவும் இருக்கலாம். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இறந்துபோன ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் ‘காட்டினர்’. தக்க திருத்தங்கள் செய்யாமல் கணக்கிட்டபோது, மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ‘ஒளிர்ந்தன’! பல்லாயிரம் புள்ளிகளை ஒரே சமயத்தில் சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும் என்பதை உணர்த்தவே அவர்கள் அவ்வாறு செய்தனர். தன் கருவியைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த நேர்மை அறிவியலின் பெருமை.

சராசரியும் தனிமனிதரும்

2022-இல் பல நாட்டு அறிஞர்கள் இணைந்து 1,01,457 பேரின் 1,23,984 மூளைப் படங்களைத் தொகுத்தனர். கருவிலிருக்கும் சிசு முதல் நூறு வயது முதியவர் வரை அதில் அடங்குவர். மூளையின் சாம்பல் நிறப் பகுதி ஏறக்குறைய 6 வயதிலும், இணைப்பு இழைகளாலான வெண்பகுதி ஏறக்குறைய 29 வயதிலும் தம் உச்ச அளவை எட்டுகின்றன என அத்தொகுப்பு காட்டியது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறிக்கும் வளர்ச்சி அட்டை போன்றது இது. ஆனால் ஒரு தனிநபரின் நோயைத் தீர்மானிக்க இதனை இப்போதே பயன்படுத்தலாகாது என்று அதனை உருவாக்கியவர்களே எச்சரித்துள்ளனர்.

ஒவ்வொரு மூளையும் தனித்தன்மை உடையது என்பது உண்மை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 126 பேரின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து செயல்படும் விதத்தை ஆராய்ந்தனர். அந்த இணைப்பு முறையை மட்டும் கொண்டு, ‘இது இன்னாருடைய மூளை’ என்று பத்தில் ஒன்பது தடவைக்கும் மேலாகச் சரியாகக் கூற முடிந்தது. ஆனால் ஒருவரை அடையாளம் காண்பது வேறு, அவரை அறிவது வேறு. கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். அவர் கருணை உள்ளவரா என்று கூற இயலுமா?

மூளையின் அமைப்புக்கும் ஒருவரின் திறன், குணம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு மிக நுட்பமானது. 2022-இல் ஏறக்குறைய 50,000 பேரின் தகவல்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, அத்தொடர்பை நம்பத்தக்க வகையில் நிறுவ ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. அதுவரை நடந்த ஆய்வுகளிலோ பெரும்பாலும் இருபத்தைந்து பேர் அளவிலேயே பங்கேற்றிருந்தனர். ஆகவே, ‘உங்கள் குழந்தையின் அறிவுத்திறனை ஸ்கேன் செய்து சொல்கிறோம்’ என்று எவரேனும் கூறினால், பெற்றோர் அதனை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

வளரும் மூளை

மூளை பிறப்பிலேயே வார்த்து முடிக்கப்பட்ட சிலை அன்று. 13 பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை படமெடுத்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. அசைவுக்கும் புலனுணர்வுக்கும் உரிய பகுதிகள் முதலில் முதிர்ச்சி அடைந்தன. திட்டமிடுதல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றுக்கு உதவும் முன்பகுதி பின்னர்தான் முதிர்ச்சி அடைந்தது. பதினைந்து வயது மகன் யோசிக்காமல் பேசிவிட்டால், ‘உருப்படமாட்டாய்’ என்று தீர்ப்பளிக்கும் முன் இதனை நினைவில் கொள்வோம். அவனுடைய மூளை இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு.

பயிற்சியும் மூளையை மாற்றுகிறது. லண்டன் நகரின் வீதிகளை மனப்பாடம் செய்து டாக்சி ஓட்டும் உரிமம் பெற முயன்ற 79 பேரை ஆய்வாளர் சிலர் தொடர்ந்து கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் அவர்களது மூளைகளில் வேறுபாடு காணப்படவில்லை. பல ஆண்டு உழைப்புக்குப்பின் தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது.

அன்பு கிடைக்காமையும் தன் தடத்தைப் பதிக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில், அனாதை இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது. அவர்களில் பாதிப்பேர் வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டனர். எட்டு வயதுக்குப்பின் எடுத்த படங்களில், இல்லத்திலேயே விடப்பட்ட பிள்ளைகளுக்கு மூளையின் வெண்பகுதி குறைந்திருந்தது. குடும்பத்தில் வளர்ந்தோரின் வெண்பகுதியோ ஏனைய குழந்தைகளுடையதை ஒத்திருந்தது. ஆனால் சாம்பல் நிறப் பகுதியின் குறைவு இரு சாராரிடமும் நீடித்தது. ஒரு மடியும் ஒரு தாலாட்டும் மூளையைத் தேற்றுகின்றன. அவை காலத்தோடு கிடைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் முன்னெடுப்பில், சண்டிகர், கொல்கத்தா, இம்பால், மைசூர் உள்ளிட்ட இடங்களில் 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 9,000 பேரிடம் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. அவர்களுள் 1,014 பேரைக் கொண்டு 2023-இல் வெளியான ஒரு பகுதி, உடலில் ஆர்செனிக் நஞ்சு மிகுந்திருந்தோருக்கு மூளையின் சில பகுதிகள் சிறுத்தும், கவனத்தை ஆளும் திறன் குறைந்தும் இருந்ததைக் காட்டியது. பிள்ளைகளின் மனநலத்தைப் பேசும்போது, அவர்கள் குடிக்கும் நீரையும் நினைக்க வேண்டியுள்ளது.

புகையற்ற நெருப்பு

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். மனச்சோர்வு நோயால் வருந்திய 1,728 பேரையும் நலமாயிருந்த 7,199 பேரையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வொன்றில், நோயுற்றோரின் ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சுமார் 1.2 சதவிகிதமே சிறியதாக இருந்தது. இவ்வளவு சிறிய சராசரி வேறுபாட்டைக் கொண்டு எதிரில் இருக்கும் ஒருவரை நோயாளி என்றோ, நோயற்றவர் என்றோ பிரிக்க இயலாது. மனச்சோர்வை உறுதி செய்யும் ஸ்கேன் இன்றும் இல்லை. கட்டி, ரத்தக்கசிவு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளவே மருத்துவர் படமெடுக்கச் சொல்கிறார். மனநோயை அவர் கண்டறிவது நோயாளியிடம் பேசியும், அவர் கூறுவதைக் கேட்டும்தான்.

தர்க்க நூலார் இதற்கும் ஓர் உதாரணம் தந்துள்ளனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகைச் சேரும்போதுதான் நெருப்பு புகையும். புகை இல்லை என்பதால் நெருப்பும் இல்லை என்று இரும்பைத் தொட்டவரின் கை என்ன ஆகும்?

இதையே அந்தத் தந்தையிடம் கூறினேன். “மூளையில் கட்டி இல்லை என்றுதான் இந்தப் படம் சொல்கிறது. உங்கள் மகனின் வேதனையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் உங்கள் அருகில் அமர்ந்திருக்கிறான். அவனைக் கேட்டீர்களா?”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு படங்களை உறையிலிட்டுவிட்டு மகனின் தோளில் கை வைத்தார். அன்று மாலையே இருவரும் ஒரு மனநல மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. சிகிச்சை தொடர்கிறது, முன்னேற்றம் மெதுவாகத்தான் வருகிறது. ஆயினும் அந்த வீட்டில் ‘நடிப்பு’ என்ற சொல் இப்போது இல்லை.

உங்கள் இல்லத்தில் ஒருவர் பல வாரங்களாக உறக்கமும் உற்சாகமும் இழந்திருந்தால், படத்திற்காகக் காத்திராதீர்கள். முதலில் பொறுமையுடன் கேளுங்கள். பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கருவியின் கண்ணுக்குப் படாத துன்பம், அருகிலிருக்கும் மனிதரின் காதுக்கு எட்டக்கூடும். அந்தக் காதை நாம் திறந்து வைத்திருப்போமாக!