பழைய காரில் அகலமான முன் டயர்: பிடிப்பும் சமநிலையும்

மோட்டார் வண்டி சாலையைத் தொடும் இடங்கள் நான்கே. அவை ஒவ்வொன்றும் விரித்த கையளவே இருக்கும். வண்டியைத் திருப்புதலும் நிறுத்துதலும் இவ்விடங்களில் தோன்றும் உராய்வைச் சார்ந்தவை. எனவே, முன் சக்கரங்களுக்கு அகலமான டயர் பொருத்தினால் பாதுகாப்பு மிகும் எனப் பலர் கருதுகின்றனர். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரைக் கொண்டு இக்கருத்தை ஆராயலாம்.

தொடு பரப்பு

ஒரு சக்கரத்தின் மீது 300 கிலோகிராம் சுமை உள்ளதெனவும், டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் எனவும் கொள்வோமாயின், தொடு பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் ஆகும். அதன் அகலம் 10 சென்டிமீட்டராயின் நீளம் 15, அகலம் 12.5 ஆயின் நீளம் 12. அழுத்தம் மாறாதவரை பரப்பு பெரிதும் மாறுவதில்லை, வடிவமே மாறுகிறது. அகன்று குறுகிய இவ்வடிவம் உலர்ந்த சாலையின் வளைவுகளில் உதவும். நீர் தேங்கிய சாலையிலோ, அகலமான டயர் நீரின்மேல் மிதந்து வழுக்குதல் எளிது.

முன்னும் பின்னும்

வளைவில் முன் சக்கரங்கள் முதலில் வழுக்கினால் வண்டி வெளிப்புறமாக விலகும். வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு பெரும்பாலும் மீளும். பின் சக்கரங்கள் முதலில் வழுக்கினால் வண்டியின் பின்புறம் வீசப்பட்டு, வண்டியே சுழலக்கூடும். இதனாலேயே, முன்புறம் முதலில் வழுக்குமாறு கார்கள் பொதுவாக அமைக்கப்படுகின்றன. முன்புறத்தின் பிடிப்பை மட்டும் மிகுத்தால் இவ்வொழுங்கு தலைகீழாகலாம். அம்பாசிடரில் தொடக்கத்தில் வழங்கியவை 5.90-15 அளவுள்ள குறுக்கிழை டயர்கள். அவற்றைப் பின்னால் விட்டுவிட்டு, முன்னால் மட்டும் ரேடியல் டயர் பொருத்துவது அபாயகரமானது. நான்கையும் ஒரே வகையாக மாற்றுவதே முறை.

தாங்கும் அமைப்பு

அம்பாசிடரின் முன் சக்கரங்களை முறுக்குக் கம்பிகளும், பின் அச்சைப் பட்டை வில்களும் தாங்குகின்றன. முன்புறத்தில் தடித்த சாய்வுத் தடுப்புக் கம்பி பொருத்தினால் வளைவில் உடல் சாய்வது குறையும். ஆனால் வெளிப்புற முன் டயர் மேலும் அதிகச் சுமை ஏற்கும். சுமை பெருகும் விகிதத்தில் பிடிப்பு பெருகாததால், முன்புறத்தின் மொத்தப் பிடிப்பு சற்றுக் குறையும். எனவே டயரையும் தாங்கும் உறுப்புகளையும் தனித்தனியே கருதலாகாது.

வேலையின் வரிசை

முதலில், தேய்ந்த ரப்பர் புஷ்கள், இணைப்புகள், பேரிங்குகள், அதிர்வுத் தணிப்பான்கள் ஆகியவற்றை மாற்றுதல் வேண்டும். "டயர் குறுகியது" என்று கூறப்படும் குறைகளிற் பல இதனோடு நீங்கும். அடுத்து, புதிய டயர் சக்கர விளிம்பின் அகலத்துக்கு ஏற்றதா எனப் பார்த்தல் வேண்டும். சக்கரம் மிக வெளியே தள்ளி நின்றால் பேரிங்கின் மீது சுமை கூடும். குழிகளில் ஸ்டியரிங் கையை உதறும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், வண்டியில் சுமை ஏற்றியும், டயர் எங்கும் உரசவில்லை என உறுதி செய்க. இறுதியில் சக்கரக் கோணங்களைச் சரிபார்க்க.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. இதனையும் முன்னதாகவே கருதுதல் வேண்டும்.

வகுப்பிற்கு ஒரு சோதனை

சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் ஒரு முன் சக்கரத்தை உயர்த்துக. டயரில் சுண்ணப்பொடி பூசி, அடியில் கட்டமிட்ட கருங்காகிதம் வைத்து இறக்குக. மீண்டும் உயர்த்திக் காகிதத்தை எடுத்து, பதிந்த வடிவின் வெளிக்கோட்டினுள் அடங்கும் பரப்பை எண்ணுக. அதனைக் காற்றழுத்தத்தால் பெருக்கின், அச்சக்கரம் தாங்கும் சுமை ஏறத்தாழக் கிடைக்கும். வேறு அகலமுள்ள டயரில் இதனைத் திரும்பச் செய்தால், பரப்பு அதிகம் மாறாமல் வடிவம் மாறுவதை மாணவர் தாமே காண்பர்.