வாய்க்கால் தெரிந்தால் நிலம் தெரியும்

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று ஓவியம் பழகும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. துன், லுட்சேர்ன் போல ஏரி இல்லை. தலைக்கு மேலே பனிமலை இல்லை. தட்டையான புல்வெளி, மரவரிசை, லாங்கெத்தே என்ற சிற்றாறு, அவ்வளவுதான். அரைஅரூபமாக நிலக்காட்சி வரையப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது என்பது என் எண்ணம். கண்ணைப் பறிக்கும் மலை எதிரே நின்றால் கை அதைப் படியெடுக்கத்தான் பார்க்கும். தட்டை நிலம் நம்மை யோசிக்க வைக்கும்.

தூரிகையைத் தொடுமுன் நிலம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லாங்கன்தாலுக்கும் ரொக்விலுக்கும் இடையே உள்ள புல்வெளிகள் தாமாக உண்டானவை அல்ல. 1194இல் நிறுவப்பட்ட சங்க்ட் ஊர்பான் மடத்தின் சிஸ்டெர்சியத் துறவிகள் ஆற்றைத் திருப்பி, வாய்க்கால் வெட்டி, நாம் வயலுக்குப் பாய்ச்சுவது போலப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆறு கொண்டுவரும் வண்டல்தான் உரம். 2023இல் யுனெஸ்கோ மரபுவழிப் பாசன அறிவைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது இந்த வெளிகளும் அதில் சேர்ந்தன.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த எனக்கு வாய்க்காலும் துருசும் (மதகும்) புதிதல்ல. ஆனாலும் இங்கே குந்தியிருந்து பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. வாய்க்கால் பள்ளத்தில் ஓடவில்லை, சற்று உயர்ந்த முதுகில் ஓடுகிறது. பலகையால் மறித்தால் நீர் கரை வழிந்து புல்லுக்குள் மெல்ல இறங்குகிறது. தட்டை என்று நினைத்த வெளி முழுவதும் அந்த முதுகிலிருந்துதான் சரிகிறது. மரவரிசை ஏன் நடுவில் வளைகிறது என்றால், வாய்க்கால் அங்கே வளைகிறது. அதன்பின் நான் முதலில் போடும் கோடு அந்த முதுகுதான். அதோடு உறவில்லாத எதையும் ஓவியத்தில் சேர்ப்பதில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்ற குழப்பம் பெருமளவு அதோடு தீர்ந்தது.

குளிர்காலத்தில் இந்தப் பகுதியைப் பனிப்புகார் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது மனச்சோர்வு; ஓவியருக்கு அதுதான் ஆசிரியர். இலை, கிளை, ஓடு, கம்பிவேலி எல்லாம் மறைந்து மூன்று தொனிகள் மட்டும் மிஞ்சும்: அருகே கறுத்த கரை, நடுவே மங்கிய மரவரிசை, பின்னால் வானமும் மண்ணும் ஒன்றான வெளுப்பு. அந்த ஈரத்தில் நீர்வண்ணம் காயாது. மென்கரியும் ஒரு கொப்பியும் போதும். மூன்று தொனிக்கு மேல் போடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்துவந்து வரையலாம் என்று நினைக்காதீர்கள். புகார் மறைத்ததைக் கருவி தானாகவே தெளிவாக்கிவிடும், நமக்கு வேண்டியதோ அந்த மறைவு.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியைத் திறக்காமல் நினைவிலிருந்து ஒருமுறை வரையுங்கள். நினைவில் நின்றதும் கொப்பியில் இருப்பதும் ஒத்துப்போகும் இடம்தான் கான்வாசுக்குப் போகவேண்டியது.

முன்னோடிகளைத் தேடித் தொலைவு போகவேண்டாம். பக்கத்து ஓஷ்வாண்டில் வாழ்ந்த கூனோ அமியே 1904இல் வரைந்த பனிக்காட்சி இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீற்றருக்கும் அதிக அகலம். ஏறக்குறைய முழுவதும் வெண்மை. நடுவில் பனிச்சறுக்கில் போகும் ஒரு சின்ன மனிதன். அந்தப் பொட்டு உருவத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், பனிவெளி வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். இளம் வயதில் லாங்கன்தாலில் மாமன் வீட்டில் தங்கியிருந்த ஃபெர்டினாண்ட் ஹோட்லர், 1918இல் சாகும் தறுவாயில் ஜெனீவா ஏரியைக் கிடைமட்டப் பட்டைகளாகவே சுருக்கிவிட்டார். நம் பக்கத்தில் ஓவியர் ராம்குமார் 1960இல் காசிக்குப் போனார். படித்துறையும் வீடுகளும் அவருடைய ஓவியங்களில் கட்டங்களாக இறுகின, மனிதர்கள் மறைந்தார்கள், காசி மட்டும் போகவில்லை. மூவரிடமும் நான் கற்றது இதுதான்: எவ்வளவு கழித்தாலும் ஓர் அடையாளத்தை விட்டுவைக்கவேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். என் ஓவியங்களில் அது பெரும்பாலும் துருசின் நிமிர்ந்த பலகை.

நிறத்தில் தாராளமாக இருங்கள். புல் செம்மண் நிறமாகலாம், வானம் எலுமிச்சை மஞ்சளாகலாம். தொனியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும்: கொப்பியில் கறுப்பாக இருந்தது எந்த நிறத்துக்கு மாறினாலும் கறுத்தே நிற்கவேண்டும். சந்தேகம் வந்தால் வரைந்துகொண்டிருக்கும் ஓவியத்தைக் கைபேசியில் கறுப்புவெள்ளையாக எடுத்துப் பாருங்கள். கைபேசிக்கு என் ஓவியமேசையில் உள்ள ஒரே வேலை அது.

எப்போது நிறுத்துவது? நான் கான்வாசைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். கோடுகளும் பட்டைகளும் தலைகீழிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும். மறுபடி நேராக்கியதும் மண்ணின் பாரம் கீழே இறங்கவேண்டும். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் வேற்றுமையே தெரியவில்லை என்றால் நிலத்தை முழுவதும் துரத்திவிட்டோம் என்று பொருள். அது அழகான துணிவடிவமாக இருக்கலாம், நிலக்காட்சி ஆகாது.

கிளிநொச்சியிலோ தஞ்சாவூரிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஆல்ப்ஸ் தேவையில்லை. உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துவிட்டு, முப்பது சென்ரிமீற்றர்ச் சதுரக் கான்வாசில் மூன்று நிறங்களோடு தொடங்குங்கள். முடிந்ததும் அதற்கு ‘அமைப்பு’, ‘அலை’ என்றெல்லாம் பெயர் வைக்காமல் ஊரின் பெயரையும் மாதத்தையும் பின்பக்கம் எழுதுங்கள். பார்க்கிறவருக்கு உள்ளே வர அந்த ஒரு வழியாவது வேண்டும்.