பாரவண்டிகளில் சரக்கு ஏற்றும் முறை

தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளங்களின் உப்பும், உடன்குடிக் கருப்பட்டியும், ஏரல் பக்கத்து வாழைத்தார்களும், கடற்கரைக் கருவாடும், பனந்தும்பும் வெளியூர்களில் விலையாவது யாவரும் அறிந்ததே. முற்காலத்தில் இச்சரக்குகளைத் தோணிகளும் மாட்டுவண்டிகளும் சுமந்தன. பாரி கம்பெனியார் நடத்திய சிறு ரெயில், திருச்செந்தூரினின்று குலசேகரன்பட்டினத்தின் வழியாகத் திசையன்விளை வரை சென்று, 1940-ஆம் வருஷத்தில் நின்றுபோயிற்று. இப்பொழுது டிராக்டர் டிரெயிலர்களும் லாரிகளுமே அவ்வேலையைச் செய்கின்றன. வண்டி மாறினும் பாரத்தின் இயல்பு மாறவில்லை. பாரத்தின் அளவைப் போலவே, அதனை வைக்கும் இடமும் அபாயத்திற்குக் காரணமாகும்.

முன்பாரமும் பின்பாரமும்

முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். இதனை வண்டிக்காரர் எவரும் அறிவர். இரண்டு சக்கர டிரெயிலருக்கும் இதுவே விதி. பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலே இழுக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்; டிரெயிலரும் இருபுறமும் ஆடும். முன்பாரம் மிதமிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் திருப்பத்தில் வண்டி கைக்கு அடங்காது. ஆகையால் பாரத்தின் பெரும்பகுதி இருசின்மேல் அமைந்து, முன்பக்கம் சிறிதளவே மிகுந்திருத்தல் வேண்டும்.

ஏற்றும்போது முன்பக்கத்திலிருந்து தொடங்குக. இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்குக. முன்மூட்டைகளை முதலில் இறக்கினால் பின்பாரம் மிகுந்து, கழற்றி நிறுத்திய டிரெயிலர் திடீரென்று பின்புறம் சாய்ந்து ஆட்களை நசுக்கக்கூடும். கழற்றிய டிரெயிலருக்கு முன்னும் பின்னும் தாங்குகட்டையும், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் கொடுத்த பிறகே அதன்மேல் ஏறவேண்டும்.

மற்ற வண்டிகள்

நான்கு சக்கர டிரெயிலரில் பாரத்தை இரண்டு இருசுகளுக்கும் சமமாகப் பரப்புதல் வேண்டும். லாரியில் சரக்கை முன்தடுப்போடு இடைவெளியின்றி ஒட்டி அடுக்குக. இடைவெளி விட்டால் பிரேக் பிடித்தவுடன் சரக்கு முன்னே பாயும். துறைமுகத்திற்குப் பெட்டகம் கொண்டுசெல்லும் நீண்ட டிரெயிலரின் முன்பாகம் இழுக்கும் வண்டியின்மீதே தங்குவதால், பெட்டகத்தினுள் ஒரு பக்கமாகப் பாரம் குவியலாகாது. நான்கு மூலைப் பூட்டுகளும் பூட்டப்பட்டனவா என்று பார்த்த பின்பே புறப்படவேண்டும்.

சரக்கின் தன்மை

அனுமதிக்கப்பட்ட பாரம் 3,000 கிலோ எனில், 50 கிலோ உப்பு மூட்டைகள் 60 மட்டுமே ஏற்றலாம். தொட்டியில் இடம் மிஞ்சியிருப்பினும் அதற்குமேல் கூடாது. 10 கிலோ கருப்பட்டிச் சிப்பமாயின் 300 ஏற்றலாம். பனந்தும்பும் வைக்கோலும் எடையில் குறைந்தவை. ஆயினும் உயர அடுக்கினால் ஆடிக்காற்றில் வண்டியைச் சாய்த்துவிடும். குதிரைமொழித் தேரி போன்ற மணற்பாதைகளில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்தாலே உயர்ந்த பாரம் கவிழும். ஆகவே கனமானதை அடியிலும் நடுவிலும், இலேசானதை மேலேயும் வைப்பது சிலாக்கியம்.

கட்டுதல்

ஐரோப்பிய தேசங்களில் அனுசரிக்கும் கணக்குப்படி, 1,000 கிலோ சரக்கின் கட்டு முன்னோக்கி 800 கிலோ இழுப்பையும், பின்னும் பக்கங்களிலும் 500 கிலோ இழுப்பையும் தாங்கவேண்டும். தன் பாரத்தாலேயே சரக்கு நிற்கும் என்று நம்புவது தவறென்பது இதனால் விளங்கும். மூட்டைகளைச் செங்கல் வரிசைபோல மூட்டு மாறும்படி அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறிட்டு இறுக்குக. சில மைல் தூரம் ஓடியதும் சரக்கு அமர்ந்து கயிறு தளரும். அப்பொழுது நிறுத்தி மறுபடியும் இறுக்கவேண்டும்.

சட்டமும் உயிர்ச்சேதமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத் திருத்தப்படி, அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மிகுந்த பாரத்தை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சாரும். ஒரு நடையை மிச்சப்படுத்தி அடையும் லாபம் இதற்கு ஈடாகாது.

இதனினும் பெரிது உயிர்ச்சேதம். வேலையாட்களைச் சரக்கின்மேல் உட்காரவைத்து அழைத்துச் செல்வதும், தசராத் திருவிழாவிற்குச் சரக்கு வண்டியில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிவருவதும் அறவே தவிர்க்கத்தக்கவை. வண்டி கவிழ்ந்தால் மேலிருப்பவரே முதலில் விழுவர். சரக்கும் அவர்மேலேயே விழும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

1. கொக்கி ஊசிக்குப் பூட்டும், காப்புச் சங்கிலியும் உள்ளனவா?

2. டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டுள்ளனவா? ரஸ்தாவில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

3. டயர்களில் காற்று சமமாக உள்ளதா?

4. பின்விளக்கும், ஒளி வீசும் சிவப்புப் பட்டையும் சரக்கால் மறையாதிருக்கின்றனவா?

இவற்றைப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.