பரங்கிமலைச் சிலுவையில் ஆள் ஏன் இல்லை?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சைக்குச் சென்னை போன இடத்தில் பரங்கிமலையும் ஏறிப் பார்த்தாயே, அதற்கே உன்னை மெச்ச வேண்டும். ஆனால் இறங்கிய சூடு தணியும் முன்னே பேனாவை எடுத்துவிட்டாய். ‘மாமா, பீடத்துக்குப் பின்னால் ஒரு கல். அதில் ஒரு சிலுவை, மேலே ஒரு பறவை. சாமியே இல்லை. செதுக்கத் தெரியாதவன் பாதியில் விட்டுப் போன வேலை மாதிரி இருக்கிறது. இதையா நீங்கள் சிற்பம் என்று இத்தனை வருஷமாகச் சொன்னீர்கள்?’ என்று கேட்டிருக்கிறாய். கேட்டது சரி. பதிலையும் நீயே எழுதிக்கொண்டாய் பார், அதுதான் சரியில்லை.

முதலில் உன் கண்ணைப் பற்றிப் பேசுவோம். நீ பாஞ்சாலங்குறிச்சிக்காரன். வருஷா வருஷம் ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடிக்குப் போய்ப் பனிமய மாதா திருவிழாவில் நெரிசல் படுகிறவன். அந்தச் சுரூபம் 1555இல் கப்பலில் வந்து இறங்கியதாகக் கடற்கரையில் சொல்வார்கள். ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பாடுபட்ட சுரூபம் பார்த்தே வளர்ந்திருக்கிறாய்: முள்முடி, விலாக் காயம், தொங்கும் தலை. அதனால் சிலுவை என்றால் அதில் ஆள் தொங்கத்தான் வேண்டும் என்று உன் கண் தீர்மானித்துவிட்டது. அது போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த கண். பரங்கிமலைக் கல்லை 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள், ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர். 1555இன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தால் எல்லாம் குறையாகத்தான் தெரியும்.

‘அந்தக் காலத்தில் ரோமாபுரியில் உருவம் செதுக்கத்தானே செய்தார்கள்?’ என்று நீ கேட்பாய். செய்தார்கள், அதுவும் பிரமாதமாக. யூனியஸ் பாஸ்ஸுஸ் என்று ஒருவர், ரோம் நகரத்தின் தலைமை அதிகாரி. 359இல் இறந்தார். அவருடைய சலவைக்கல் சவப்பேழை இப்போது வத்திக்கானில் இருக்கிறது. முகப்பில் இரண்டு வரிசை. வரிசைக்கு ஐந்து காட்சி, காட்சிக்குக் காட்சி நடுவே தூண். மேல்வரிசை நடுவில் இயேசு உட்கார்ந்திருக்கிறார், இராயப்பரும் சின்னப்பரும் (பேதுருவும் பவுலும்) இரண்டு பக்கமும். தாடி கிடையாது, மீசை கிடையாது. உன் வயசுப் பையன் மாதிரி இருக்கிறார். பாதத்துக்குக் கீழே ஒரு கிழவன் தலைக்கு மேல் துணியை வில்லாக விரித்துப் பிடித்திருக்கிறான். அவன் ரோமருடைய பழைய வானத்துத் தேவன். அடுத்த காட்சிகளில் இயேசுவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிலாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கை கழுவத் தண்ணீர் ஆயத்தம். அதற்கடுத்து என்ன வர வேண்டும்? சிலுவை. அதுதான் இல்லை! பத்துக் காட்சியிலும் தேடு, கிடைக்காது. முடியைச் சுருள் சுருளாகத் துளைக்கருவி வைத்துக் குடைந்து எடுத்த கைகளுக்கு ஒரு சிலுவை செதுக்க வராதா?

வராமல் இல்லை, வேண்டாம் என்று விட்டார்கள். சிலுவைச் சாவு என்பது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் ஊர் பார்க்கக் கொடுத்த தண்டனை. அதைக் கண்ணால் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் அது. கயத்தாற்றில் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்களே, அந்தத் தலைமுறைக்காரர் யாராவது தூக்குக் கயிற்றைச் செதுக்கி வீட்டில் வைத்திருப்பாரா? நீ பாஞ்சாலங்குறிச்சியான், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சாவை விட்டுவிட்டுச் சாவை வென்றதைச் செதுக்கினார்கள். அதே வத்திக்கானில் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இன்னொரு பேழை இருக்கிறது, தொமித்தில்லா பேழை என்பார்கள். அதன் நடுவில் வெறும் சிலுவை நிற்கிறது. மேலே வெற்றி மாலை, மாலைக்குள் கிறிஸ்துவின் பெயரெழுத்து. குறுக்குக் கட்டையில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்து அந்த மாலையைக் கொத்துகின்றன. அடியில் இரண்டு காவல் வீரர்கள், ஒருவன் கேடயத்தில் சாய்ந்து தூங்கிவிட்டான். கல்லறை திறந்த செய்தி மொத்தமும் இவ்வளவில் அடங்கிவிட்டது. வெறும் சிலுவையும் புறாவும், மருமகனே! நீ ‘பாதியில் விட்ட வேலை’ என்றாயே, அதே ஜோடிதான்.

ஆள் தொங்கும் சிலுவை பிறகு வந்தது. ரோமில் சாந்தா சபீனா கோயிலின் மரக்கதவு, சுமார் 430ஆம் ஆண்டு. அதன் மேல் வரிசையில் ஒரு சின்னப் பலகை. அதில் இயேசுவும் இரண்டு கள்வரும் கைவிரித்து நிற்கிறார்கள். தொங்கவில்லை, நிற்கிறார்கள். பின்னால் சிலுவை இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காட்சியை ஊரறியக் காட்டியவற்றில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது அதுதான். கீழ்த்திசைச் சபைக்காரர்கள், அதாவது பாரசீகத்திலிருந்து கப்பலேறி நம் கரைக்கு வந்தவர்கள், வெறும் சிலுவையையே போற்றிக்கொண்டார்கள்.

சரி, இப்போது பரங்கிமலைக் கல்லுக்கு வா. நீ மேலிருந்து கீழே பார்த்திருப்பாய், பறவையில் தொடங்கி. அடுத்த தடவை கீழிருந்து மேலே பார். அடியில் படிகள். அது கல்வாரி மலை. படியின் மேல் சிலுவை, அதன் காலடியில் இரண்டு பக்கமும் இலைகள் வளைந்து மேலே எழும்புகின்றன. வெட்டிய மரம் துளிர்த்துவிட்டது என்று அர்த்தம். சிலுவையின் முனைகளைப் பார், மொட்டு விட்டிருக்கிறது. அதற்கு மேலே தலைகீழாக இறங்குகிறதே புறா, அது பரிசுத்த ஆவி. கீழிருந்து உயிர் ஏறுகிறது, மேலிருந்து உயிர் இறங்குகிறது, நடுவில் மரம். இதற்குள் ஓர் உடலைத் தொங்கவிட இடம் எங்கே இருக்கிறது சொல்? சாவே இல்லை என்று சொல்லும் கல்லில் செத்த உடலைத் தேடியிருக்கிறாய்.

அடுத்து நீ செய்யப்போகும் தப்பு எனக்கு இப்போதே தெரிகிறது. சிலுவைக்கு இரண்டு பக்கமும் தூண், தூண் தலையில் மகரம், மகரத்தின் வாயிலிருந்து புறப்படும் வளைவு. நம் கோயில் மகர தோரணம் அப்படியே. ‘ஆகா, இது கோயிலைப் பார்த்துக் காப்பியடித்தது’ என்பாய். உன் சிநேகிதன் ஒருவன் ‘இல்லை, கோயிலுக்கே அங்கிருந்துதான் வந்தது’ என்பான். இரண்டு பேரும் டீக்கடையில் ராத்திரி பத்து மணி வரை கத்துவீர்கள். வேண்டாம். கல்தச்சன் யார்? இந்த மண்ணின் ஆள். தெய்வத்துக்கு இடம் செய்யச் சொன்னால் அவன் கை தோரணம்தான் போடும். மாமல்லபுரத்தில் போட்ட அதே தோரணம். ரோமிலும் இதுதான் நடந்தது. அங்கே ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் கிறிஸ்தவத்துக்கு முன்பே பட்டறைகளில் இருந்த உருவம். கிறிஸ்தவர்கள் வந்து கேட்டதும் அதே மேய்ப்பன் நல்ல ஆயன் ஆனான். கொடியின் நிழலில் யோனா தீர்க்கதரிசி படுத்துத் தூங்குவதைச் செதுக்கச் சொன்னால், சந்திர தேவதை காதலித்த எந்திமியோன் படுத்திருப்பதைப் போலவே, கையைத் தலைக்கு மேல் போட்டுச் செதுக்கிக் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் வெறுமனே விட்டுவைத்து, வாங்கினவர் முகத்தைப் பிறகு செதுக்கித் தந்த பேழைகளும் உண்டு. பட்டறை ஒன்று, சாமி வேறு. இதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

அந்த யோனாவைப் பற்றி ஒரு வார்த்தை, கடற்கரைப் பக்கத்துப் பையன் உனக்குப் பிடிக்கும் என்பதற்காக. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த பேழை ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. யோனாவைக் கப்பலிலிருந்து தூக்கி எறிகிறார்கள். வாய் பிளந்து காத்திருப்பது திமிங்கலம் இல்லை. நாய்க்கும் பாம்புக்கும் பிறந்தது போன்ற ஒரு கடல் பூதம், வால் சுருண்டு சுருண்டு போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மகரம் ஞாபகம் வரும். அங்கே பூதம் தீர்க்கதரிசியை விழுங்கிக் கரையில் துப்புகிறது. இங்கே மகரம் சிலுவைக்கு வளைவைத் துப்புகிறது. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி ‘ரோமிலிருந்து மயிலாப்பூருக்கு’ என்று தலைப்புப் போட்டுவிடாதே! இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் நான் சொல்லவில்லை. கடலுக்கு அஞ்சினவர்கள் எல்லா ஊரிலும் கல்லில் கடலை இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘இயேசுவின் சீடர் தோமையாரே தன் கையால் செதுக்கியது என்று மலையில் சொன்னார்களே, நீங்கள் ஏழாம் நூற்றாண்டு என்கிறீர்களே?’ என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. உன் ஊருக்கு வருகிறவர்கள் அந்தக் கோட்டையைப் பார்த்து ‘கட்டபொம்மன் கட்டியது’ என்று போட்டோ எடுப்பார்கள். நீ என்ன செய்வாய்? பழைய கோட்டையை வெள்ளைக்காரன் 1801 சண்டைக்குப் பிறகு தரைமட்டமாக்கினான், இது 1974இல் அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டை என்று நிறுத்தி வைத்துச் சொல்வாய். அதனால் கட்டபொம்மன் இல்லை என்றா ஆகிவிட்டது? தோமையார் வந்தார் என்ற நம்பிக்கை ஒன்று, இந்தக் கல்லின் வயசு இன்னொன்று. வளைவின் ஓரமாக ஓடுகிறதே எழுத்து, அது பஹ்லவி, பாரசீகரின் பழைய எழுத்து. அந்த எழுத்தின் வடிவமும் சிலுவையின் வடிவமும் முதல் நூற்றாண்டுக்குப் பொருந்தாது. அம்மாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும் பதமாகச் சொல். அவள் அந்த மலையில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டுதான் நீ பிறந்தாய்.

அந்த எழுத்துக்குத் தனிக் கதை உண்டு. 1547இல் போர்த்துக்கீசியர் மலையில் அஸ்திவாரம் தோண்டும்போது கல் வெளியே வந்தது. எழுத்தைப் படிக்க ஒரு பண்டிதரைக் கூட்டிவந்தார்கள். அவர் தோமையாரின் வரலாற்றையே நீளமாகச் சொல்லிப் போனார், கேட்டவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் செல்லுபடியானது. 1873இல் ஆர்தர் பர்னல், இங்கே நீதிபதியாக இருந்தவர், இது பஹ்லவி என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் சொல்லுக்குச் சொல் சண்டை போட்டாலும், பிந்திய வாசிப்புகளில் சாரம் ஒன்றுதான்: ஆண்டவர் மெசியாவே, சஹார்போக்த்தின் மகன் இன்னார்மேல் இரக்கம் வையும். மகனுடைய பெயரை ஒருவர் அப்ராஸ் என்கிறார், ஒருவர் கபிரியேல் என்கிறார். கோட்டயம் வலியபள்ளி, முட்டுச்சிறை, கடமற்றம் சிலுவைகளிலும் இதே வேண்டுதல்தான். பாரசீக எழுத்து நம் பக்கம் எதற்கு என்று வியக்காதே. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் வணிகர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உனக்கு இது எட்டாத சங்கதி இல்லை. கழுகுமலைக்கு எத்தனை தடவை போயிருக்கிறாய்? வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு வாய் பிளப்பாய், பக்கத்துப் பாறையில் வரிசையாக இருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களை ஓரக்கண்ணால்கூடப் பார்க்க மாட்டாய். ஏறக்குறைய பரங்கிமலைக் கல்லின் காலம்தான் அவையும். பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறது. செதுக்கக் காசு கொடுத்தவன் தன் பேரைச் சாமியின் காலடியில் வைத்துவிட்டுப் போகிறான். சஹார்போக்த்தின் மகனும் அதைத்தான் செய்தான். முதலில் கழுகுமலையில் நின்று அந்தப் பேர்களை உற்றுப் பார், பிறகு பரங்கிமலைக்குப் போ, கல் உன்னோடு பேசும்.

கல் வியர்த்ததைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறாய். 1558 டிசம்பர் 18இல் பூசை நேரத்தில் வியர்த்ததாகவும், கடைசியாக 1704இல் வியர்த்ததாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. நம்புகிறவர்களிடம் போய்ப் பௌதிகம் பேசாதே. உன் கேள்வி சிற்பத்தைப் பற்றியது, அதில் நில்.

கடைசியாக, ‘நம் முத்துக்குளித்துறையில் இப்படி ஒன்று ஏன் இல்லை’ என்று ஆதங்கப்பட்டிருக்கிறாய். பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றது 1530களில், நம் கோயில்களின் உருவங்கள் அதற்குப் பிந்தியவை. ஆனால் கடல் வழி பழையது. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கோஸ்மாஸ், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில் இருந்ததைச் சொல்கிறார். எதிர்க்கரையில் சங்கு ஏற்றுமதியாகும் ஒரு துறையையும் சொல்கிறார். 1912இல் அனுராதபுரத்தில் தோண்டியபோது வழவழப்பான கருங்கல் தூண் துண்டு ஒன்றில் சிலுவை கிடைத்தது. அடியில் படி, இரண்டு பக்கமும் இலை. உனக்கு இப்போது சொல்லித்தர வேண்டியதில்லை. பாரசீக வளைகுடாவில், அதுவும் முத்துக் குளிக்கும் கடல்தான், சர் பனி யாஸ் தீவில் ஒரு மடம் 1992இல் வெளிப்பட்டது. அங்கே சுவரில் பதித்த சுண்ணச் சாந்துச் சிலுவைகளிலும் ஆள் கிடையாது. அந்தக் கடலுக்கும் நம் கடலுக்கும் நடுவே போய் வந்தவர்களின் சிலுவை இது.

அனுராதபுரத்துக் கல் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரீட்சை முடிவு வரட்டும், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு, நானும் வருகிறேன். அதற்கு முன் கழுகுமலைக்குப் போய், காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுத்து அனுப்பு. உச்சி வெயிலில் எடுத்தால் புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும், போன தடவை அனுப்பினாயே அது மாதிரி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா